ஊசியும் துளைகளும்: எஸ்.யூ., வெபர் கார்புரேட்டர்களில் எரிபொருள் கலவைச் சீரமைப்பு – ஓர் ஒப்பாய்வு

பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பானெட்டைத் திறந்து ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் ஒரு கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். நாம் திருகப்போகும் திருகு, எஞ்சினின் எந்த வேகத்தை ஆள்கிறது? விடை தெரியாமல் திருகியவர்களால் கெட்ட எஞ்சின்கள் ஏராளம். ஒரு கார்புரேட்டரில் அந்தத் திருகு ஐடிலிங் முதல் முழு வேகம் வரை எல்லாவற்றையும் அசைக்கும். இன்னொன்றில் ஐடிலிங்கைத் தாண்டி அதற்கு அதிகாரமே இல்லை. முன்னதற்கு இங்கிலாந்தின் எஸ்.யூ. சான்று, பின்னதற்கு இத்தாலியின் வெபர் டி.சி.ஓ.இ.

ஒப்பிட இரண்டு கார்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று, 1962-இல் அபிங்டன் ஆலையிலிருந்து வெளிவந்த எம்.ஜி.பி. 1798 சி.சி. எஞ்சின், இரண்டு எஸ்.யூ. எச்.எஸ்.4 கார்புரேட்டர்கள். மற்றொன்று, 1966-இல் வந்த ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடர் டுயெட்டோ. 1570 சி.சி. இரட்டை கேம் எஞ்சின், இரண்டு வெபர் 40 டி.சி.ஓ.இ. கார்புரேட்டர்கள். இரண்டும் நான்கு சிலிண்டர், இரண்டும் திறந்த கூரை. கலவையைச் சரிசெய்யும் முறையில் மட்டும் இரண்டும் இரு துருவங்கள்.

எதைத் தேடுகிறோம்?

ஒரு பங்கு பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய, எடைக் கணக்கில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். ஆனால் எஞ்சின் எப்போதும் இந்த ஒரே கணக்கில் ஓடுவதில்லை. முழு ஆற்றல் வேண்டுமென்றால் 12.5 முதல் 13 பங்கு காற்று போதும். கலவை சற்றுச் செறிந்திருக்க வேண்டும். சமவெளிச் சாலையில் சீரான வேகத்தில் போகும்போது 15-க்கு மேலும் போகலாம். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது இன்னும் செறிவு வேண்டும்.

பட்டறையில் செறிந்த கலவையை 'ரிச்' என்றும் மெலிந்ததை 'லீன்' என்றும் சொல்வார்கள். ரிச்சாக ஓடும் எஞ்சின் பிளக்கைக் கரியாக்கும், சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும், பெட்ரோலைக் குடிக்கும். லீனாக ஓடுவது அதைவிட ஆபத்து. முழுச் சுமையில் மெலிந்த கலவையோடு எஞ்சினை விரட்டினால் வெடித்தட்டல் வரும்; எக்ஸாஸ்ட் வால்வு கருகும், பிஸ்டனே உருகவும் கூடும்.

ஆக, கலவைச் சீரமைப்பு என்பது ஓர் எண்ணைப் பிடித்து நிறுத்தும் வேலை அன்று. வேகத்துக்கும் சுமைக்கும் ஏற்ப மாறும் ஒரு வளைகோட்டை அமைக்கும் வேலை அது. அந்த வளைகோட்டை எஸ்.யூ. ஓர் ஊசியின் உடலில் செதுக்கி வைத்திருக்கிறது. வெபரோ பல துளைகளாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறது.

இரண்டு பிறப்புகள்

எஸ்.யூ. என்பது 'ஸ்கின்னர்ஸ் யூனியன்' என்பதன் சுருக்கம். காலணி வணிகக் குடும்பத்தில் பிறந்த ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை வடிவமைத்தார். தொடக்க கால எஸ்.யூ.வில் பிஸ்டனுக்குப் பதிலாகத் தோலால் செய்த துருத்தி இருந்தது. தோலோடு புழங்கிய குடும்பத்தின் கைவண்ணம் அது. 1910-இல் நிறுவனம் ஆனது. 1926-இல் வில்லியம் மோரிஸ் அதை வாங்கினார். மோரிஸ், எம்.ஜி., ஜாகுவார் என்று பிரிட்டிஷ் கார்களின் மூச்சுக் குழலாகவே எஸ்.யூ. மாறியது இப்படித்தான்.

எடோவார்டோ வெபர் 1923-இல் பொலோன்யா நகரில் தொழில் தொடங்கினார். ஃபியட் வண்டிகளின் எரிபொருள் செலவைக் குறைக்கும் கார்புரேட்டர்களில் தொடங்கிய கை, பின்னர் பந்தயக் கார்களுக்குப் போனது. ஃபெராரி 250 ஜி.டி.ஓ.வின் 12 சிலிண்டர்களுக்கு மேல் ஆறு வெபர்கள் வரிசையாக நின்றன. டி.சி.ஓ.இ. வகைப் பெயரில் உள்ள முதல் எழுத்துகள் 'இரட்டைக் குழல்', 'கிடைமட்டம்' என்ற பொருள் தரும் இத்தாலியச் சொற்களின் சுருக்கம். ஒரே உடலில் இரண்டு குழல்கள் என்பதால், இரண்டு கார்புரேட்டர்கள் நான்கு கார்புரேட்டர்களுக்குச் சமம். ஆல்ஃபாவில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு தனிக் குழல் உண்டு.

உள்ளே நடப்பது

எஸ்.யூ.வில் காற்று போகும் வழியின் அகலம் மாறிக்கொண்டே இருக்கும். நடுவே ஒரு பிஸ்டன் மேலும் கீழும் மிதக்கிறது. எஞ்சின் அதிகக் காற்றை இழுத்தால் பிஸ்டன் உயர்ந்து வழிவிடும். குறைவாக இழுத்தால் இறங்கி வழியை ஒடுக்கும். அதனால் பெட்ரோல் வெளிவரும் துளையான ஜெட்டின் மேல் பாயும் காற்றின் வேகம் ஏறக்குறைய ஒரே சீராக இருக்கும். பிஸ்டனின் அடியில் தொங்கும் கூம்பிய ஊசி, கீழே உள்ள 0.090 அங்குல ஜெட்டுக்குள் இறங்கி நிற்கிறது. பிஸ்டன் உயர உயர, ஊசியின் மெலிந்த பகுதி ஜெட்டில் வந்து நிற்கும், சுற்றிலும் இடைவெளி பெருகும், பெட்ரோல் கூடும். ஊசியின் தடிமனை ஒவ்வொரு 1/8 அங்குலத்துக்கும் அளந்து அட்டவணைப்படுத்தியிருக்கிறார்கள். வெவ்வேறு எஞ்சின்களுக்கென நூற்றுக்கணக்கான ஊசிகள் உண்டு.

வெபரில் வெஞ்சுரியின், அதாவது காற்று வழியின் ஒடுங்கிய பகுதியின், அகலம் மாறாது. அதனால் குறைந்த வேகத்தில் காற்றின் இழுவை போதாது. அதற்கென்று ஐடில் ஜெட் தனியாக வேண்டும். திராட்டில் மெல்லத் திறக்கும்போது இடையில் வரும் பள்ளத்தை நிரப்ப 'முன்னேற்றத் துளைகள்' என்ற சிறு துளைகள் இருக்கின்றன. வேகம் ஏறினால் மெயின் ஜெட் பொறுப்பேற்கும். உச்ச வேகத்தில் கலவை மிதமிஞ்சிச் செறியாமல் தடுப்பது மேலே உள்ள ஏர் கரெக்டர் ஜெட். இவ்விரண்டுக்கும் நடுவே, பெட்ரோலில் காற்றுக் குமிழிகளைக் கலப்பது துளையிட்ட எமல்ஷன் குழாய். ஆக்சிலேட்டரைச் சட்டென்று மிதித்தால் பெட்ரோலைப் பீய்ச்ச ஒரு பம்பும் உண்டு. எஸ்.யூ.வில் இந்தப் பம்பின் வேலையைப் பிஸ்டன் தண்டுக்குள் ஊற்றிய கொஞ்சம் எண்ணெய் செய்கிறது. அது பிஸ்டன் திடீரென்று உயர்வதைத் தாமதிக்கிறது. அந்தக் கணத்தில் ஜெட்டின் மேல் இழுவை கூடி, கலவை தானே செறிகிறது.

ஒரு வேலைக்கு ஒரு துளை என்பது வெபரின் நியாயம். எல்லா வேலைக்கும் ஓர் ஊசி என்பது எஸ்.யூ.வின் நியாயம்.

இருவருக்கும் பொதுவான முன்வேலை

கலவையைத் தொடும் முன் செய்ய வேண்டியவை இரண்டு கார்களுக்கும் ஒன்றே. வால்வு இடைவெளி சரியாக வேண்டும். பிளக், பாயிண்ட், இக்னிஷன் டைமிங் ஆகியவை சரியாக வேண்டும். கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே எங்கும் காற்று கசியக் கூடாது. மிதவை அறையில் பெட்ரோல் மட்டம் சரியாக இருக்க வேண்டும். எஞ்சின் முழுச் சூட்டுக்கு வந்திருக்க வேண்டும். கார்புரேட்டர் கோளாறு என்று கொண்டுவரப்படும் பலவும் டிஸ்ட்ரிபியூட்டரில் முடிவதைப் பழைய கார் வைத்திருப்பவர்கள் அறிவார்கள். தேய்ந்த திராட்டில் தண்டு வழியே காற்று கசியும் கார்புரேட்டரில் எந்தத் திருகைத் திருகினாலும் பயனில்லை. இன்னொன்று: இந்த வேலையை மூடிய கொட்டகையில் செய்யக் கூடாது. எக்ஸாஸ்ட்டில் வரும் கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும்.

எஸ்.யூ.: காதால் பிடிக்கும் கலவை

எம்.ஜி.பி.யின் எச்.எஸ்.4-இல் கலவையைச் சரிசெய்வது ஜெட்டின் அடியிலுள்ள அறுகோண நட்டு. அதை மேலே ஏற்றினால் ஜெட் உயரும், கலவை மெலியும். கீழே இறக்கினால் செறியும். முதலில் ஜெட்டைக் குழலின் தளத்தோடு சமமாகும் வரை ஏற்ற வேண்டும். பிறகு இரண்டு முழுச் சுற்று, அதாவது நட்டின் 12 முகங்கள் அளவு, இறக்க வேண்டும். தொடக்க நிலை இது.

அடுத்து இரண்டு கார்புரேட்டர்களும் சமமாகக் காற்றை இழுக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இரண்டையும் இணைக்கும் தண்டின் பிடியைத் தளர்த்திவிட்டு, ஒரு ரப்பர் குழாயின் ஒரு நுனியைக் காதிலும் மறுநுனியைக் குழல் வாயிலும் வைத்து, சீறல் ஒலி இரண்டிலும் ஒன்றாகும் வரை வேகத் திருகைச் சரிசெய்வார்கள். இதற்குக் காற்றோட்ட மீட்டர்கள் உண்டு. ஆனாலும் ரப்பர் குழாயை நம்பியே பலர் இன்றும் இந்த வேலையைச் செய்கிறார்கள்.

பிறகு கலவை. பிஸ்டனைத் தூக்க எஸ்.யூ.விலேயே ஒரு சிறு முளை வைத்திருக்கிறார்கள். அதை மெல்ல அழுத்தி, பிஸ்டனை 1/32 அங்குலம், அதாவது 0.8 மி.மீ. மட்டும் உயர்த்த வேண்டும். எஞ்சின் வேகம் கூடி, கூடியபடியே நின்றால் கலவை ரிச். எஞ்சின் தடுமாறி அணைய வந்தால் லீன். ஒரு கணம் லேசாக ஏறி மறுபடி பழைய நிலைக்கு வந்தால் சரி. இதன் காரணம் எளியது. பிஸ்டனைத் தூக்கும்போது ஜெட்டின் மேல் காற்று வேகம் குறைந்து கலவை சற்று மெலிகிறது. ஏற்கெனவே செறிந்திருந்தால் இந்த மெலிவு நன்மை. ஏற்கெனவே மெலிந்திருந்தால் அதுவே இறுதி அடி. நட்டை ஒரு முகம் திருப்பி, மீண்டும் தூக்கிப் பார்த்து, மீண்டும் கேட்க வேண்டும். ஒரு கார்புரேட்டரின் கலவை மற்றதைப் பாதிக்கும் என்பதால் இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பது முறை. எக்ஸாஸ்ட் ஒலியும் சாட்சி சொல்லும். தாளம் தப்பாமல் ஒரே சீராகத் திக்கினால் ரிச். தெறிப்பது போல் ஒழுங்கற்றுத் திக்கினால் லீன்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. நட்டைத் திருப்பும்போது ஊசியின் எல்லா நிலைகளிலும் இடைவெளி மாறுகிறது. ஆனால் சமமாக மாறுவதில்லை. ஐடிலிங்கில் இடைவெளியே மிகச் சிறிது என்பதால் சிறு திருப்பமும் பெரிய விகிதமாகத் தெரியும். உயர்ந்த நிலையில் அதே திருப்பம் சிறு விகிதம்தான். ஆகவே ஐடிலிங்கில் சரியாக்கினால் மேலேயும் பெரும்பாலும் சரியாகும். காரணம், ஊசியின் உருவத்தைத் தொழிற்சாலை ஏற்கெனவே அந்த எஞ்சினுக்கென்று கணித்துவிட்டது. எஞ்சினில் கேம் ஷாஃப்ட்டோ எக்ஸாஸ்ட்டோ மாறினால்தான் ஊசியையே மாற்ற வேண்டிவரும்.

பிஸ்டன் அறைக்கு 20 தர எண்ணெயை, உள்ளீடற்ற தண்டின் விளிம்புக்கு அரை அங்குலம் மேலே வரை ஊற்றுவது எம்.ஜி.பி.யின் கணக்கு. இந்த எண்ணெய் வற்றியிருந்தால் ஆக்சிலேட்டரை மிதித்ததும் வண்டி மூச்சுத் திணறும். கலவையைக் குறைசொல்லும் முன் இதைப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. பிஸ்டனை உயர்த்தி விட்டால் 'டக்' என்ற உலோக ஒலியோடு விழவும் வேண்டும். விழவில்லையென்றால் ஊசி ஜெட்டில் உரசுகிறது. ஜெட்டை நடுமையப்படுத்த வேண்டும்.

வெபர்: அளவுகளால் பிடிக்கும் கலவை

வெபர் டி.சி.ஓ.இ.யில் குழலுக்கு ஒன்றாக நான்கு கலவைத் திருகுகள். ஒவ்வொன்றையும் மெதுவாக இருக்கை தொடும் வரை ஏற்றி, ஏறக்குறைய ஒரு சுற்று வெளியே எடுப்பது தொடக்க நிலை. பழைய தடித்த மரைத் திருகுகளுக்கு இது பொருந்தும். பிற்கால நுண்மரைத் திருகுகள் இரண்டு, இரண்டரைச் சுற்றுகள் வரை போகும். எஞ்சின் சூடாகி ஐடிலிங்கில் நிற்கும்போது ஒவ்வொரு திருகாக உள்ளே ஏற்றி, எஞ்சின் தளரும் இடத்தைக் கண்டு, பின் வெளியே எடுத்து, அதிக வேகத்தோடு அமைதியாக ஓடும் இடத்தில் நிறுத்த வேண்டும். நான்குக்கும் இதைச் செய்து, பிறகு நான்கு குழல்களின் காற்றோட்டத்தையும் மீட்டர் கொண்டு சமப்படுத்த வேண்டும்.

பலர் இத்துடன் கலவை முடிந்தது என்று எண்ணிவிடுகிறார்கள். வெபரில் இது முடிவல்ல, தொடக்கம்கூட அல்ல. இந்தத் திருகு ஐடிலிங்கைத் தாண்டி எதையும் ஆள்வதில்லை. ஆனால் அது ஒரு சேதி சொல்லும். சரியான இடம் வழக்கத்துக்கு மிக அதிகமாக வெளியே போனால் ஐடில் ஜெட் சிறியது; இருக்கைக்கு மிக அருகிலேயே கிடைத்தால் ஐடில் ஜெட் பெரியது. திருகை வைத்து ஜெட்டின் அளவை அறிவது வெபரில் கைதேர்ந்தவரின் முதல் பாடம். சாலையில் சாதாரணமாகச் செல்லும் வேகத்தில் பெரும்பாலும் ஐடில் ஜெட்டும் முன்னேற்றத் துளைகளும்தான் வேலை செய்கின்றன. ஆகவே நகர ஓட்டத்தின் பெட்ரோல் செலவும் இந்தச் சிறு ஜெட்டிலேயே இருக்கிறது.

ஜெட்டுகளின் எண்களே அவற்றின் அளவு. 120 என்றால் துளை 1.20 மி.மீ. மெயின் ஜெட்டுக்குப் பழைய சூத்திரம்: வெஞ்சுரியின் மி.மீ. அளவை நான்கால் பெருக்கு. 30 மி.மீ. வெஞ்சுரிக்கு 120 வரும். ஏர் கரெக்டருக்கு அதோடு ஐம்பதைக் கூட்டினால் 170. இவை தொடக்கம் மட்டுமே. சாலையில் ஓட்டி, முழு ஆக்சிலேட்டரில் ஓடிய பின் எஞ்சினை அணைத்துப் பிளக்கைக் கழற்றி நிறம் பார்த்து, அல்லது எக்ஸாஸ்ட்டில் லாம்டா சென்சாரைப் பொருத்தி விகிதத்தை எண்ணாகப் படித்து, மேலும் கீழும் மாற்ற வேண்டும். எல்லா வேகத்திலும் மெலிந்தால் மெயின் ஜெட்டைப் பெரிதாக்கு. உச்ச வேகத்தில் மட்டும் மெலிந்தால் ஏர் கரெக்டரைச் சிறிதாக்கு. மிதித்த கணத்தில் மட்டும் திணறினால் பம்ப் ஜெட்டைப் பார். கார்புரேட்டர் வாயில் 'பட்' என்று பின்னோக்கித் தும்மினால் பெரும்பாலும் மெலிவு. நோய்க்கு ஏற்ற இடத்தில் மருந்திட முடிவது வெபரின் பேராற்றல்.

ஒரே எஞ்சினில் இரண்டும்

ஒப்பீட்டை இன்னும் கூர்மையாக்க எம்.ஜி.பி. ஒரு வசதி தருகிறது. பலர் அதன் இரண்டு எஸ்.யூ.களை எடுத்துவிட்டு ஒரே ஒரு வெபர் 45 டி.சி.ஓ.இ.யைப் பொருத்தியிருக்கிறார்கள். ஆனால் அந்த எஞ்சின் தலையில் நான்கு சிலிண்டர்களுக்கு இரண்டே உள்வாய்கள். அடுத்தடுத்த இரு சிலிண்டர்கள் ஒரு வாயைப் பகிர்ந்துகொள்கின்றன. சிலிண்டருக்கு ஒரு குழல் என்ற வெபரின் சிறப்பு இங்கே செல்லாது. அதோடு, இந்தப் பகிர்வில் காற்றும் பெட்ரோலும் இரு சிலிண்டர்களுக்கும் சமமாகப் போவதில்லை. மாற்றாத எஞ்சினில் வெபர் தரும் ஆதாயம், அதைச் சீரமைக்க ஆகும் உழைப்புக்கு ஈடாகாது. கேம் ஷாஃப்ட், எக்ஸாஸ்ட் எல்லாம் மாற்றிப் பந்தயத்துக்குத் தயாரான எஞ்சினுக்கோ கதை வேறு. எந்த ஊசியும் சரிவராத வளைகோட்டை வெபரின் ஜெட்டுகளால் துண்டு துண்டாக அமைத்துவிடலாம்.

எம்.ஜி.பி. எஞ்சினின் பி-சீரிஸ் குடும்பத்திலேயே பிறந்த 1489 சி.சி. எஞ்சின் அம்பாசிடரிலும் எஸ்.யூ.வோடு ஓடியது. அந்தக் காலத்தில் ஜெட் நட்டை ஒவ்வொரு முகமாகத் திருப்பிய நம் ஊர் மெக்கானிக்கை எம்.ஜி.பி.யின் முன் நிறுத்தினால் அவர் கை தயங்காது.

புதிய பெட்ரோல்

பழைய கார்களுக்கு இன்று ஒரு புதிய சோதனை எத்தனால். பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் 10 விழுக்காடு வரை எத்தனால் கலந்ததே சாதாரண பெட்ரோல். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் முழு எரிதலுக்குத் தேவையான காற்று 14.7-லிருந்து 14.1 அளவுக்கு இறங்குகிறது. பழைய அளவுகளிலேயே விட்டால் எஞ்சின் சற்று லீனாக ஓடும். எஸ்.யூ.வில் நட்டை ஒன்றிரண்டு முகங்கள் இறக்கினால் பெரும்பகுதி தீர்ந்துவிடும். வெபரில் ஐடில் ஜெட், மெயின் ஜெட் இரண்டையும் நான்கு குழல்களிலும் மறுபரிசீலனை செய்ய வேண்டிவரும். பழைய ரப்பர் குழாய்களை எத்தனால் அரிக்கும் என்பதால் அவற்றை மாற்றுவது இருவருக்கும் பொதுக் கடமை.

தீர்ப்பு

இரண்டில் எது சிறந்தது என்று கேட்டால், யாருடைய கையில், எந்த எஞ்சினில் என்று திருப்பிக் கேட்பதே நேர்மை. தொழிற்சாலை அமைத்தபடியே இருக்கும் எஞ்சினை வீட்டு வாசலில் ஒரு ஸ்பானரும் ரப்பர் குழாயும் கொண்டு ஒரு மாலைக்குள் சரிசெய்ய எஸ்.யூ.வை மிஞ்ச ஒன்றில்லை. அதன் திருகு உண்மை பேசுகிறது; ஐடிலிங்கில் கேட்டதைச் சாலையிலும் காப்பாற்றுகிறது. மாற்றியமைத்த எஞ்சினின் ஒவ்வொரு வேகத்தையும் தனித்தனியே ஆள விரும்புபவருக்கு, ஜெட்டுப் பெட்டியும் லாம்டா மீட்டரும் பொறுமையும் இருந்தால் வெபரே உரியது. சாலையில் ஓடும் எம்.ஜி.பி.யில் எஸ்.யூ. இருக்கட்டும், ஆல்ஃபாவில் வெபர் இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் இரு கார்களின் உரிமையாளர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். திருகைத் தொடும் முன், அது இப்போது எத்தனை சுற்றில் நிற்கிறது என்று மெதுவாக உள்ளே ஏற்றி எண்ணி, ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ஊசியின் எண்ணையும் ஜெட்டின் எண்களையும் அதே பக்கத்தில் குறியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எழுதி வைத்த பழைய நிலைக்கு எப்போது வேண்டுமானாலும் திரும்பிவிடலாம். எழுதாத நிலைக்குத் திரும்ப வழியில்லை.